‘வயசானா அப்படித்தான்’ என்பது நோயின் பெயர் அல்ல

தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, போடிநாயக்கனூர் என்று தேனி மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில் எந்த ஊரில் விசாரித்தாலும், எழுபதைத் தாண்டிய பெரியவருக்குப் புத்தி தடுமாறினால் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: “வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” கொஞ்சம் படித்த வீடுகளில் அதையே வேறு மாதிரி சொல்வார்கள்: “டிமென்ஷியாதான். அதுல எந்த வகைன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மருந்தே கிடையாதே.” முதல் பேச்சு நோயே இல்லை என்கிறது. இரண்டாவது, நோய் உண்டு, வகை வேண்டாம் என்கிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: யாரும் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. போடியில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்காமல் எவரும் ஏலத்துக்கு அனுப்புவதில்லை. பெருங்காயும் பொடிக்காயும் ஒரே மூட்டையில் போனால் நட்டம் என்பது அங்கே கூலிக்காரருக்கும் தெரியும். பெற்ற தாய் தகப்பனின் மூளைக்கு வந்த கேட்டை மட்டும் தரம் பிரிக்காமல் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். இதனால் வரும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் முன்வைப்பதே நியாயம். அல்சைமர் நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி, மலை தாண்டி இடுக்கித் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கும் குடும்பத்துக்கு, மதுரைக்கு ஒருநாள் போய்வருவது என்றால் இரண்டு பேரின் கூலி போயிற்று. ஸ்கேன் செலவு தனி. எண்பது வயதுக்காரரின் மூளையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் கலந்தே இருக்கும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். நோய்க்குப் பெயர் வைத்தால் ஊர் வாய்க்கு அவல் கிடைக்கும். எந்தப் பெயர் வந்தாலும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் இரவு விழித்திருப்பதும் வீட்டுக்காரர்கள்தான். ஆகவே வகை பார்ப்பது வசதி உள்ளவர்களின் வேலை, பாசத்தோடு பார்த்துக்கொண்டால் போதும். இதுதான் அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை; பலரும் பெற்றோரை உயிராக நினைப்பவர்கள். அதனாலேயே இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. வயதுதான் காரணம் என்றால், மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வின் மதிப்பீடு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. இதைத் திருப்பிப் படிக்க வேண்டும். நூறு முதியவர்களில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அது இல்லை. நரை எல்லோருக்கும் வருகிறது, இது எல்லோருக்கும் வருவதில்லை. வயது இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. மழைக்காலம் காய்ச்சல் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்காகக் காய்ச்சலுக்கு ‘மழை’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் 1901-ல் முதலில் பார்த்த நோயாளியான அகுஸ்டே டீட்டருக்கு வயது 51. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அல்சைமர் விவரித்ததும், 1910-ல் மனநல மருத்துவர் கிரேப்பலின் அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டியதும் வரலாறு. அப்போதும் மருத்துவ உலகம் ஒரு தப்பைச் செய்தது: நடுவயதில் வந்தால் அது அல்சைமர் நோய், முதுமையில் வந்தால் வெறும் தள்ளாமை என்று இரண்டாகப் பிரித்து வைத்தது. 1976-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன், இரண்டும் ஒரே நோய்தான், இது பெரும் உயிர்க்கொல்லி என்று எழுதிய பிறகே அந்தச் சுவர் இடிந்தது. மருத்துவம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட கருத்தைத்தான் நம் திண்ணைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

‘எங்கள் ஊரில் இதெல்லாம் அதிகம் இல்லையே’ என்பவர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு பதில் உண்டு. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் 1998-ல் உருவானது 10/66 ஆய்வுக் குழு. சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும் அதன் ஆய்வுக் களங்களில் அடங்கும். 2008-ல் வெளியான அதன் முடிவுகளில், வழக்கமான மேலைநாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் 0.3 சதவீதத்தினருக்கே நோய் இருப்பதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும்படி அமைத்த அளவுகோலில் அந்த எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம், பெரியவரின் சரிவைக் குடும்பத்தார் சரிவாகச் சொல்லாததுதான். நம் வீடுகளில் வயதானவரிடம் எந்தப் பொறுப்பும் கேட்பதில்லை. ரேஷன் கடைக்கு மகன் போகிறான், கணக்கை மருமகள் பார்க்கிறாள், சோறு தட்டில் வந்துவிடுகிறது. எதுவுமே கேட்கப்படாதவர் எதில் தவறுகிறார் என்று எப்படித் தெரியும்? மரியாதை என்று நாம் நினைப்பதே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது. லாசி-டாட் மதிப்பீட்டில் நகரத்தைவிட (5.3 சதவீதம்) கிராமத்தில்தான் (8.4 சதவீதம்) நோய் அதிகம், ஆண்களைவிட (5.8 சதவீதம்) பெண்களுக்குத்தான் (9 சதவீதம்) அதிகம். அதாவது, யாரை நாம் கவனித்துப் பார்ப்பதில்லையோ அவர்களுக்கே அதிகம்.

2. எல்லாம் ஒன்றுதான் என்றால், ஏன் ஒவ்வொருவரிடமும் முதலில் ஒவ்வொன்று கெடுகிறது? டிமென்ஷியா என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. காய்ச்சல், மஞ்சள் காமாலை போல அது ஒரு நிலைமைக்கான சொல். அதற்குக் கீழே வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. முற்றிய நிலையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியலாம், தொடக்கத்தில் தெரிவதில்லை. வகையைக் காட்டிக்கொடுப்பது தொடக்கம்தான். அந்தத் தொடக்கத்துக்குச் சாட்சி மருத்துவர் அல்லர், வீட்டிலிருப்பவர்கள்.

அல்சைமரில் பெரும்பாலும் முதலில் போவது அண்மை நினைவு. ஏலக்காய் ஸ்டோரில் முப்பது ஆண்டுகள் காய் பொறுக்கிய ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஒரு முறம் காயை முன்னால் வைத்தால் வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் விரல்கள் இன்றும் தனியே ஒதுக்கும். கல்யாணத்தின்போது யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது தெரியாது. “சம்பளம் போட்டாச்சா?” என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்பார். குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது திரும்பி மகளின் முகத்தைப் பார்ப்பார். சரிவு மெல்ல, ஆண்டுக்கணக்கில், நின்று நிதானமாக நடக்கும்.

ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகை பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். நேற்றுவரை ஓரளவு சரியாக இருந்தவர், லேசாக வாய் கோணி ஒரு வாரத்தில் தேறிய பிறகு பழையபடி இல்லை. சில மாதம் அப்படியே நிற்பார். பிறகு திடீரென்று இன்னொரு படி. நினைவைவிட வேகமும் திட்டமிடுதலும் முதலில் அடிபடும்: ஒரு வேலையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார், நடை தளரும், சட்டென்று அழுவார். பின்னணியில் பெரும்பாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி ஆகியவை இருக்கும்.

லூயி பாடி வகையில் அறிவு ஏறி இறங்கும். காலையில் தெளிவாக ஏல விலை பேசியவர் மாலையில் எங்கே இருக்கிறோம் என்று கேட்பார்; மறுநாள் மீண்டும் தெளிவார். வாசப்படியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். அவர்கள் போட்டிருக்கும் உடையின் நிறத்தைக்கூடச் சொல்வார். நடை சுருங்கும், கை இறுகும், அடிக்கடி விழுவார். இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே தூக்கத்தில் கத்திக் கையை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்திருப்பார். அதை மனைவியைத் தவிர யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்; அவரை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நெற்றிப்பகுதி, பொட்டுப்பகுதி மூளையைத் தாக்கும் வகை பெரும்பாலும் அறுபத்தைந்துக்கு முன்னரே வருகிறது. நினைவு நன்றாக இருக்கும், ஆள்தான் மாறிப்போயிருப்பார். கண்ணியமானவர் பொது இடத்தில் கூசாமல் கெட்ட வார்த்தை பேசுவார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் முகத்தில் ஒரு சலனமும் இராது. இனிப்பைக் கண்டால் நிறுத்தத் தெரியாது. இருக்கிற பணத்தை எவனுக்கோ தூக்கிக் கொடுப்பார். இதை ஊர் நோய் என்று சொல்வதில்லை. திமிர் என்கிறது, கெட்ட சகவாசம் என்கிறது. இது எங்கோ அரிதாக வருவது என்று ஒதுக்கவும் முடியாது. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவில் பார்க்கப்பட்ட 648 நோயாளிகளைப் பற்றி சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013-ல் எழுதினர். அவர்களில் அல்சைமர் 240 பேர், ரத்தக்குழாய் வகை 189, நெற்றி-பொட்டு வகை 116, லூயி பாடி 55, கலப்பு வகை 48. பெரிய மருத்துவமனையைத் தேடி வந்தவர்களின் கணக்கு இது, ஊர்க்கணக்கு அல்ல. ஆனாலும் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் அல்சைமர் மட்டும் என்று சொல்ல முடியாத நோயோடு வந்திருக்கிறார்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவர் இந்த 408 பேரையும் அல்சைமர் கணக்கில் எழுதிவிடுகிறார்.

3. மருந்தே இல்லை என்பவர், மருந்து செய்யும் கேட்டையும் எண்ணிப் பார்த்தாரா? இந்த வாதத்தின் மிக ஆபத்தான ஓட்டை இதுதான். வகை தெரியாத வீட்டில் மருந்து கொடுக்காமல் இருப்பதில்லை. தவறான மருந்து போகிறது. லூயி பாடி உள்ளவர் இல்லாத பிள்ளைகளைப் பார்க்கிறார். முதலில் காத்து கருப்பு என்று மந்திரிக்கிறார்கள். அடங்காதபோது யாரோ ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரை எழுதித் தருகிறார்கள். 1992-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இயன் மெக்கீத்தும் குழுவினரும் காட்டியது இது: இவ்வகை மாத்திரை கொடுக்கப்பட்ட லூயி பாடி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான எதிர்விளைவு வந்தது, இறப்பும் கூடியது. உடம்பு மரக்கட்டையாக இறுகும், விழுங்க முடியாது, எழ முடியாது. அந்த இறுக்கத்தைப் போக்க டிரைஹெக்ஸிபெனிடில் சேர்ப்பார்கள். அது நினைவை இன்னும் குழப்பும். குழப்பம் கூடியதும் முதல் மாத்திரையின் அளவு கூடும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துவிட்டு வீட்டார் சொல்வது, ‘நோய் முத்திப்போச்சு’ என்பதுதான். முற்றியது நோயா, மருந்தா என்று கேட்க ஒரு பெயர் வேண்டும். அதே லூயி பாடி நோயாளிக்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்துகள் தெளிவை ஓரளவு கூட்டி, கற்பனைக் காட்சிகளை ஓரளவு குறைக்கக்கூடும். அதே டோனெபெசில் நெற்றி-பொட்டு வகைக்கு உதவுவதாகச் சான்று இல்லை. சிலருடைய நடத்தையை அது மோசமாக்கவும் கூடும். ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு ஊறு என்றால், வகை தேவையில்லை என்ற பேச்சுக்கு எங்கே இடம்?

டிமென்ஷியா போலத் தோன்றும், ஆனால் வேறு காரணத்தால் வரும் தடுமாற்றங்களும் இருக்கின்றன. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மன அழுத்தம், நீண்ட குடியால் வரும் தயமின் குறைவு. கால் வழுக்கி விழுந்து மூன்று வாரம் கழித்து மூளைக்கு மேலே மெல்லக் கசிந்து சேரும் ரத்தம். தரையை விட்டு எழாமல் ஒட்டி ஒட்டி நடப்பது, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வரும் மூளைநீர்த் தேக்கம். பத்து வருடமாக மெட்ஃபார்மின் போடும் சர்க்கரைக்காரருக்கு பி12 குறையக்கூடும் என்பது எத்தனை வீடுகளில் தெரியும்? பெங்களூரு நிம்ஹான்ஸில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் 129 நோயாளிகளில் 24 பேருக்கு மாற்றக்கூடிய காரணம் இருந்தது: மூளைத் தொற்று, மூளைநீர்த் தேக்கம், பி12 குறைவு. எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான எண்ணை எடுத்துக் காட்டலாம். 39 ஆய்வுகளைத் தொகுத்து கிளார்ஃபீல்ட் 2003-ல் எழுதியபடி, மாற்றக்கூடியதாகத் தோன்றியவை 9 சதவீதம். உண்மையில் மாறியவை 0.6 சதவீதம்தான். இருக்கட்டும். அந்தச் சிறு பங்கில் தன் தந்தை இருக்கிறாரா இல்லையா என்பதைச் சோதிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தால் அதைச் சொல்லட்டும். முழுதாய் மீளாவிட்டாலும், பி12 ஊசி போட்டவரின் கால் எரிச்சலும் சோர்வும் குறைந்தால் அதுவும் வாழ்க்கைதான். இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் அது பெரும்பாலும் டிமென்ஷியாவே அல்ல. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, நுரையீரல் சளியோ காரணமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். அதையும் ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அங்கே சாவது ஒரு சொல்லால் சாவது.

4. பார்த்துக்கொள்வது எல்லாம் ஒன்றுதானே என்ற பேச்சைப் பராமரித்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அல்சைமர் தாயிடம் “நேத்து யாரு வந்தா, சொல்லு பாப்போம்” என்று பரீட்சை வைப்பது கொடுமை. அவருக்கு வேண்டியது ஒரே மாதிரியான அன்றாடமும் கைக்குப் பழகிய ஒரு வேலையும். லூயி பாடி தந்தையிடம் “அங்க யாருமில்ல, சும்மா உளறாதீங்க” என்று சண்டை போடுவது பலன் தராது. அறையில் நிழல் விழாமல் விளக்குப் போட வேண்டும், விழாமல் காக்க வேண்டும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இன்ன வகை என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ரத்தக்குழாய் வகையில் பராமரிப்பின் மையம் மாத்திரை டப்பாதான். அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அடுத்த படி இறங்குவதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ முடியும். டிமென்ஷியாவில் குடும்பத்தின் கைக்கு இவ்வளவு எட்டும் இடம் வேறில்லை. நெற்றி-பொட்டு வகையில் முதலில் காக்க வேண்டியது பத்திரமும் பாஸ்புக்கும் பைக் சாவியும். புத்தி சொல்லித் திருத்தலாம் என்று நினைப்பவர் ஆண்டுக்கணக்கில் மனம் நொந்து போவார். திருந்துவதற்கான பகுதியே அங்கே கெட்டிருக்கிறது.

சட்டமும் இதில் சேர்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒருவர் தான் செய்வதைப் புரிந்து, தன் நலனுக்கு உகந்ததா என்று முடிவெடுக்கும் தெளிவோடு இருக்க வேண்டும் என்கிறது. ஏறி இறங்கும் தெளிவுள்ளவரிடம் வாங்கிய கைநாட்டு நாளைக்கு அண்ணன் தம்பிகளைக் கோர்ட்டில் நிறுத்தும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க இடம் தருகிறது. எழுதும் தெளிவு இருக்கும்போதே நோய் இன்னதென்று தெரிந்தால்தான் அந்த உரிமை பயன்படும். ‘எப்படியும் நாங்கதான பார்க்கப்போறோம்’ என்பதில், தன்னைப் பற்றித் தானே முடிவு சொல்ல அந்தப் பெரியவருக்கு மிச்சமிருந்த ஓரிரு ஆண்டுகளும் கரைந்துபோகின்றன.

5. கலந்து இருக்கிறதே, பிரித்துப் பார்த்து என்ன பயன்? இது படித்தவர்களின் ஆட்சேபம். இதில் உண்மையும் உண்டு. எண்பதைக் கடந்தவர் மூளையில் அல்சைமர் மாற்றங்களும் ரத்தக்குழாய்ச் சேதமும் சேர்ந்தே கிடப்பது சகஜம். ஆனால் அந்தக் கலவையில் ஒரு பாதியைத் தடுக்க முடியும் என்பதும் அதே உண்மைக்குள் இருக்கிறது. அல்சைமர் என்று முத்திரை குத்திவிட்டு ரத்த அழுத்தத்தை மறந்தால் தடுக்கக்கூடிய பாதியும் கையை விட்டுப் போகும். டிமென்ஷியாவுக்கான லான்செட் ஆணையம் 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, கொள்கையளவில் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. கண்புரை எடுப்பதும் காது கருவி வைப்பதும் டிமென்ஷியாவோடு தொடர்புள்ள வேலைகள் என்று எத்தனை குடும்பங்கள் நினைக்கின்றன?

6. ஏழைக்கு இதெல்லாம் எங்கே கட்டுபடியாகும்? இந்தக் கேள்வி நியாயமானது. இதன் பாரம் குடும்பத்தின் மேல் மட்டும் விழக்கூடாது. ஆனால் வகை காண்பதில் மிகப் பெரிய பங்குக்குக் காசே வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதலில் மாறியது எது: நினைவா, நடையா, குணமா, பேச்சா? எந்த மாதம், எந்தத் திருவிழாவுக்கு முன்? மெல்ல வந்ததா, படிப்படியாகவா, திடீரென்றா? ஒரே நாளில் ஏறி இறங்குகிறதா? தூக்கத்தில் கத்துவாரா? இல்லாததைப் பார்க்கிறாரா? விழுந்தாரா, எப்போது? சிறுநீர் தெரியாமல் போகிறதா? குடி, பீடி எத்தனை காலம்? போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். தூக்கத்துக்கும் சளிக்கும் கடையில் வாங்கியவையும் அதில் சேர்த்தி. வீட்டார் நோயைத் தாங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை, தீர்மானிக்கவும் கூடாது. அவர்கள் வேலை சாட்சி சொல்வது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் சோதனை, பள்ளிப்படி ஏறாத தோட்டத் தொழிலாளிக்குப் பொருந்தாது. கூலிக்கணக்கை முன்பு எப்படிப் போட்டார், இப்போது எப்படித் தடுமாறுகிறார் என்று மகள் சொல்லும் சொல் பொருந்தும். அதன் பிறகு பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை என்று சில ரத்தப் பரிசோதனைகள், தலைக்கு ஒரு ஸ்கேன். தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. 2023 ஜூன் முதல் போடிக்கு ரயிலும் மீண்டும் வருகிறது. ஒரு நாள் கூலி போவது பெரிய இழப்புதான். தவறான மாத்திரையால் படுக்கையில் விழுந்தவருக்காக ஒருவர் வேலையை விட்டு வீட்டிலேயே உட்காருவது அதைவிடப் பன்மடங்கு இழப்பு.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசலுக்கே வருகிறார்கள். அதே வாசலில், அதே பெரியவரிடம், “போன வருசத்துக்கு இந்த வருசம் இவர்கிட்ட என்ன மாறியிருக்கு?” என்று ஒரு கேள்வியைச் சேர்க்கக் கூடுதல் செலவு அதிகம் ஆகாது. நம் சனங்கள் தினமும் வேலைக்குப் போய்வரும் மலையின் அந்தப்பக்கத்தில், கேரளத்தில்தான், 1992-ல் அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம் தொடங்கியது. பின்னர் அந்த மாநில அரசும் அச்சங்கத்தோடு சேர்ந்து டிமென்ஷியாவுக்கென்றே திட்டம் வகுத்தது. மலையின் இந்தப்பக்கத்து முதியவர்களுக்கும் அது வேண்டும்.

7. பெயர் வைத்தால் அவமானம் என்பவர்கள், பெயர் வைக்காதபோது என்ன பெயர் விழுகிறது என்று கேட்டுப் பார்க்கட்டும். கிறுக்கு, நடிப்பு, வீம்பு, பேய், செய்வினை. இவையெல்லாம் பெயர்கள்தான். பெரியவருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் பெயர் விழும். மாமியார் “எனக்குச் சோறே போடல” என்று தெருவில் நின்று சொன்னால் தெரு மருமகளைத்தான் பார்க்கும். சாப்பிட்டது மறந்துபோகும் நோய் அது என்று தெருவுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் குணம் மாறியவரைத் திமிர் பிடித்தவர் என்று பிள்ளைகள் வெறுத்து ஒதுங்கியபின், அது நோய் என்று தெரியவந்தால் அந்த வருடங்களை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நோயின் சரியான பெயர் அவமானத்தைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட தவறான பெயர்களைத்தான் அது துரத்துகிறது.

‘எந்த வகை?’ என்ற கேள்வி நோயை நீக்காது. அதை ஒப்புக்கொண்டேதான் இந்த வாதம் முழுவதும் நடந்தது. அந்தக் கேள்வி எது தீங்கு என்று காட்டும், எதைத் தடுக்கலாம் என்று காட்டும், யார் மேல் கோபப்படக்கூடாது என்று காட்டும். மருந்து இல்லாத நோய்க்கு இவ்வளவும் கிடைப்பது சிறிய காரியம் இல்லை. எனவே அடுத்தமுறை ஒரு பெரியவர் ஒரே கேள்வியை நான்காம் தடவை கேட்கும்போதோ, வாசலில் இல்லாத பிள்ளையைக் கூப்பிடும்போதோ, ‘வயசானா அப்படித்தான்’ என்று முடிப்பதற்கு முன் அந்த நோட்டைத் திறந்து இன்றைய தேதியைப் போட்டு, பார்த்ததை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த வரியைத்தான்.